ஒன்பது நாள் விடுப்பும் ஒன்பது மாதத் தயக்கமும்

2023 ஜனவரியில், சவூதியின் குடியிருப்பு அனுமதியான இகாமாவைப் புதுப்பிக்க நகல் கேட்டார்கள். அலுவலக ஜெராக்ஸ் இயந்திரத்தின் முன் நின்றுகொண்டு என் பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். பதினோரு ஆண்டு சவூதி வாழ்க்கை. எல்லாப் பக்கத்திலும் மாறி மாறி இரண்டே விமான நிலையங்களின் முத்திரைகள். தம்மாமில் புறப்பாடு, ஊரில் வருகை. ஊரில் புறப்பாடு, தம்மாமில் வருகை. 'அவன் வெளிநாட்டில் இருக்கிறான்' என்று உறவினர்கள் சொல்வார்கள். நான் அன்றாடம் பார்த்த வெளிநாடு, குடியிருப்பிலிருந்து ஆலைக்குப் போகும் நாற்பது நிமிட பஸ் பாதைதான்.

ஜுபைலில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் பராமரிப்புத் திட்டமிடல் என் வேலை. ஆலையைச் சில வாரங்கள் முழுக்க நிறுத்திப் பழுது பார்ப்பதை ஷட்டவுன் என்போம். அந்தச் சமயத்தில் எந்த வால்வை எந்த நாள் எத்தனை மணிக்குக் கழற்ற வேண்டும், அதற்கு எத்தனை ஆள், எந்த கிரேன் என்று மாதக்கணக்கில் முன்னதாகவே எழுதிவைப்பவன் நான். அப்படிப்பட்டவனால் தன் சொந்த விடுப்புக்கு ஒரு தேதி குறிக்க முடியவில்லை.

கொரோனாவுக்குப் பிறகு எங்கள் பிரிவில் ஆட்கள் குறைந்தார்கள், வேலை குறையவில்லை. இருவர் பார்த்ததை நான் ஒருவனே பார்த்தேன். இரவு இரண்டு மணிக்கும் போன் வரும். அடுத்த ஆண்டு யாருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்ற பேச்சு கேன்டீனில் ஓயாமல் ஓடும். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் ஏழு வயது மகள் கரண்டியைக் கீழே தவறவிட்டாள். அந்தச் சத்தத்துக்கு நான் கத்திய கத்தலில் அவள் அழக்கூட இல்லை. குனிந்து கரண்டியை எடுத்து, துடைத்து, என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்றிரவுதான் மனைவி சொன்னாள்: "இந்த முறை ஊருக்கு மட்டும் போனால் போதாது. வேறு எங்காவது போக வேண்டும்."

ஊருக்குப் போவதில் குறையொன்றும் இல்லை. ஆனால் வளைகுடாவில் இருப்பவனுக்கு ஊர் விடுப்பு இன்னொரு வேலை. அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போவது, வங்கியில் கையெழுத்து, நிலத்து வேலி, நான் இல்லாதபோது நடந்த இரண்டு கல்யாணத்துக்கும் ஒரு சாவுக்கும் துக்கமும் மகிழ்ச்சியும் விசாரித்து வீடு வீடாக ஏறி இறங்குவது. முப்பது நாளும் ஓடிவிடும். திரும்பும் விமானத்தில் உட்காரும்போது, புறப்பட்ட நாளைவிடக் கூடுதலாகக் களைத்திருப்பேன். ஒருமுறை அந்த இருக்கையில்தான் முழு விடுப்பின் முதல் நல்ல தூக்கம் வந்தது.

எங்கே போவது என்பதை முடிவு செய்ய அதிக நேரம் ஆகவில்லை. ஐரோப்பா என்று முதலில் ஆசைப்பட்டோம். ஷெங்கன் விசாவுக்கு நேர்முகத் தேதி, வங்கிக் கணக்கு, கடிதங்கள் என்று பட்டியலைப் பார்த்ததும் எனக்கு இன்னொரு ஷட்டவுன் போலத் தோன்றியது. ஜார்ஜியாவைச் சொன்னவர் பக்கத்து வீட்டு அண்ணன். வளைகுடா நாடுகளின் குடியிருப்பு அனுமதி வைத்திருப்பவர்கள் விசா இல்லாமலே நுழையலாம், ரியாத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேரப் பறத்தல், அக்டோபரில் குளிர். எங்களுக்கு அந்த மூன்றாவது காரணமே போதுமானதாக இருந்தது.

ஆனால் விடுப்பு? ஜனவரியில் மேலாளரிடம் வாய்வார்த்தையாகக் கேட்டேன். "ஷட்டவுன் முடியட்டும், பார்க்கலாம்" என்றார். மார்ச்சில் வரவேண்டிய ஷட்டவுன் உதிரிப் பாகம் வராததால் மே மாதத்துக்குப் போனது. மேயில் கேட்டபோதும் அதே பதில். ஷட்டவுன் செப்டம்பருக்குப் போயிருந்தது. அவர் கெட்டவர் அல்ல. எழுத்தில் இல்லாத கோரிக்கை அவர் மேசையில் இல்லாத கோரிக்கை, அவ்வளவுதான். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐந்து மாதமானது.

சவூதி தொழிலாளர் சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது 21 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. ஒரே முதலாளியிடம் ஐந்தாண்டு முடித்திருந்தால் 30 நாள். எந்தத் தேதியில் என்பதை வேலையின் தேவையைப் பார்த்து நிறுவனம் தீர்மானிக்கலாம். ஆண்டு முடிந்த பிறகும் அதைத் தள்ளிப்போட நினைத்தால் 90 நாள் வரைதான் முடியும். அதற்கு மேல் என்றால் தொழிலாளியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். இதையெல்லாம் பதினோராவது ஆண்டில் உட்கார்ந்து படித்தேன். சட்டத்தை மேலாளரிடம் காட்டிச் சண்டை போடுவதற்காகப் படிக்கவில்லை. கேட்பது பிச்சை இல்லை என்று எனக்கே தெரிந்திருந்தால் குரல் நடுங்காது, அதற்காகத்தான்.

ஜூனில் நான் செய்தது இது. ஷட்டவுன் அட்டவணையில் மற்ற வேலைகளைப் போலவே என் பெயரில் ஒரு கோடு போட்டேன்: 'திட்டமிடுபவர் விடுப்பு, ஒன்பது நாள்'. மாற்றுத் தேதி ஒன்று, என் இடத்தில் யார் என்ற பெயர், அவருக்கு எத்தனை நாள் பயிற்சி எல்லாம் சேர்த்து மின்னஞ்சலில் அனுப்பினேன். மேலாளர் அந்தக் கோட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இதற்கு கிரேன் வேண்டாமா?" என்று கேட்டுக்கொண்டே ஒப்புதல் கொடுத்தார்.

இந்த இடத்தில் ஒரு முட்டாள்தனத்தையும் சொல்ல வேண்டும். ஒப்புதல் வந்த மகிழ்ச்சியில், செப்டம்பர் 23 சவூதி தேசிய தினத்தை ஒட்டிய வாரத்துக்கு, பணம் திரும்பக் கிடைக்காத மலிவு டிக்கெட்டை வாங்கிப் போட்டேன். மலிவு என்பது பெயருக்குத்தான். விடுமுறை வாரமாதலால் அதுவே அதிக விலை. ஷட்டவுன் பத்து நாள் நீண்டது. டிக்கெட் போயிற்று. அக்டோபர் நடுவில் அதே பாதைக்கு மறுபடி வாங்கியபோது விலை ஏறக்குறைய பாதி. எங்கள் துறையில் இருப்பவர்கள், ஷட்டவுன் முடியும் தேதி என்று தாளில் இருப்பதோடு இரண்டு வாரம் சேர்த்துக்கொண்டு அதற்குப் பிறகு பயணம் வையுங்கள். அடுத்தவருக்கு இதைத்தான் சொல்வேன். எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை.

அடுத்தது எக்ஸிட் ரீ-என்ட்ரி. வளைகுடாவுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம்: ஒரு நாட்டுக்குள் நுழைய விசா வாங்குவது போல, வெளியேறித் திரும்பி வருவதற்கும் விசா. ஒருமுறைப் பயணத்துக்கு இரண்டு மாதம் வரை 200 ரியால், அதற்கு மேல் மாதத்துக்கு 100. தலைக்கு ஒன்று என்பதால் எங்கள் மூவருக்கும் 600. குடும்பத்தினருக்கு, சவூதி அரசின் இணையச் சேவையான அப்ஷரில் நானே எடுத்தேன். 2021 மார்ச்சில் வந்த சீர்திருத்தத்துக்குப் பிறகு தொழிலாளியே தனக்கும் விண்ணப்பிக்க வழியிருக்கிறது. எங்கள் இடத்தில் இன்னும் ஹெச்.ஆர். வழியாகவே நடக்கும். என்னுடையது இரண்டு நாள் நகரவில்லை. என்னவென்று பார்த்தால், வேகக் கேமராவில் பிடிபட்ட 150 ரியால் அபராதம் ஒன்று என் பெயரில் கட்டப்படாமல் கிடந்தது. கட்டிய பிறகு விசா வந்தது. விண்ணப்பிக்கும் முன் அபராதப் பக்கத்தைத் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகும். இகாமா முடியும் தேதியையும் அதே மூச்சில் பார்த்துவிடுங்கள். திரும்பும் நாளோடு விசா முடியும்படி எடுக்காதீர்கள். ஒரு விமானம் ரத்தானால் விசாவும் காலாவதியாகிவிடும்.

இத்தனையும் எளிது. கடினமாக இருந்தது அம்மாவிடம் சொல்வது. சொல்லாமலே போய்வந்துவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். பெட்டி வாங்கும்போது மனைவி பிடிவாதமாக மறுத்தாள். "குழந்தையைப் பொய் சொல்லப் பழக்குவதாக இருந்தால் நான் வரவில்லை" என்றாள். போன் செய்தேன். ஒரு கணம் மௌனம். பிறகு அம்மா, "வெளிநாட்டிலிருந்து இன்னொரு வெளிநாடா? அதற்கு எவ்வளவு ஆகும்?" என்றார். முப்பது நாளில் ஒன்பதை எடுத்துக்கொண்டு மீதி இருபத்தொன்றை ஊருக்கு வைத்திருக்கிறேன், ஜனவரியில் வருகிறேன் என்று தேதியோடு சொன்னேன். அந்த ஊர் டிக்கெட்டையும் முன்னதாகவே வாங்கி, படத்தை அனுப்பினேன். பேச்சைவிட அந்தப் படம்தான் வேலை செய்தது.

பயணத் திட்டத்தை நான் போட்டேன். வேறு எப்படிப் போடுவேன்? அரை மணி நேரத்துக்கு ஒரு வரி, எட்டு நிறம், மூன்று தாள். மனைவி பேனாவை எடுத்து ஒவ்வொரு நாளின் பிற்பகலையும் அடித்துவிட்டு 'சும்மா' என்று எழுதினாள். நான் முனகினேன். அங்கே போன பிறகு எங்களுக்கு மிச்சமாக நினைவிருப்பதில் பாதி அந்த 'சும்மா' கட்டங்களில் நடந்தவை.

ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் இறங்கியதும் குடியேற்ற அதிகாரி கேள்விகள் கேட்டார்: எத்தனை நாள், எங்கே தங்கல், என்ன வேலை. விசா தேவையில்லை என்பதற்கும் கேள்வியே இருக்காது என்பதற்கும் தொடர்பில்லை. ஹோட்டல் முன்பதிவு, திரும்பும் டிக்கெட், மருத்துவக் காப்பீடு, ஆங்கிலத்தில் சம்பளச் சான்றிதழ், இகாமா எல்லாவற்றையும் காகிதத்தில் அச்செடுத்து ஒரே உறையில் வைத்திருந்தேன். அவர் நாலு தாளைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். போனில் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பதற்றத்தில் போன் திறக்காது. நான் போனபோது காப்பீடு ஒரு முன்னெச்சரிக்கை மட்டுமே. 2026 ஜனவரி முதல் ஜார்ஜியாவுக்கு வரும் பயணிகளுக்கு அது கட்டாயம். இகாமா எத்தனை மாதம் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்பது போன்ற விதிகளும் மாறுகின்றன. ஆகவே டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் அன்று காலை அந்நாட்டு அரசின் தளத்தைப் பாருங்கள். என் அனுபவத்தை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த நாட்டு நாணயத்தின் பெயர் லாரி. விமான நிலையத்தில் கொஞ்சம் மட்டும் மாற்றிக்கொண்டு மீதியை நகரத்துக்குள் மாற்றினோம். "அப்பா, ஐந்து லாரிக்கு ஐஸ்கிரீமா?" என்று மகள் கேட்டுக்கேட்டுச் சிரித்தாள்.

முதல் மூன்று நாள் என் உடம்பு விடுப்பில் இல்லை. காலை நாலரைக்குக் கண் விழித்துவிடும். ஆலை பஸ்ஸுக்கான நேரம். அங்கே கடிகாரம் சவூதியைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, ஆனால் உடம்பு அங்குள்ள நாலரையை எப்படியோ கண்டுபிடித்துவிட்டது. ஜன்னல் ஓரம் உட்கார்வேன். கீழே கல் பாவிய சந்தில் ஒரு முதியவர் உதிர்ந்த இலைகளைப் பெருக்கிக்கொண்டிருப்பார். குவித்து முடிப்பதற்குள் மரம் இன்னும் பத்து இலைகளை உதிர்க்கும். அவர் நிமிர்ந்து மரத்தைப் பார்ப்பார், மறுபடி பெருக்குவார். கோபமே வராது அவருக்கு. முதல் நாள் அவரைப் பார்த்தபடியே அலுவலக மின்னஞ்சலைத் திறந்தேன். இரண்டாம் நாளும் திறந்தேன். நான்காம் நாள் விழித்தபோது ஏழரை மணி. மனைவியும் மகளும் காலை உணவை முடித்திருந்தார்கள். நாலு நாள் பயணம் போதும் என்று முதலில் நினைத்திருந்தேன். அப்படிப் போயிருந்தால் இந்த ஏழரை மணித் தூக்கம் வருவதற்குள் பெட்டி கட்டியிருப்பேன்.

நகரத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. திபிலிசி என்ற பெயரே வெந்நீர் ஊற்றுகளின் வெதுவெதுப்பைக் குறிப்பதாகச் சொல்கிறார்கள். அந்தக் கந்தக நீர்க் குளியலறைகள் அபனோதுபனி பகுதியில் இன்றும் இருக்கின்றன. 1905-இல் தொடங்கிய மலை ரயிலில் மத்தாஸ்மிந்தா குன்றுக்கு ஏறினோம். 'சும்மா' கட்டம் ஒன்றில், ஆற்றங்கரைப் பெஞ்சில் இரண்டு மணி நேரம் மூவரும் ஒன்றும் செய்யவில்லை.

ஐந்தாம் நாள் கார் பிடித்து வடக்கே கஸ்பெகி என்ற மலை ஊரை நோக்கிப் போனோம். ஏறக்குறைய 150 கிலோமீட்டர் மலைப்பாதை. 2,300 மீட்டருக்கும் மேலே உள்ள ஜ்வரி கணவாயைத் தாண்ட வேண்டும். குளிர்காலத்தில் பனி விழுந்தால் பாதையை மூடிவிடுவார்கள் என்பதால் இதற்கு மாற்று நாள் ஒன்று கையில் வைத்திருப்பது நல்லது. ரஷ்ய எல்லைக்குப் போகும் சரக்கு வண்டிகள் கிலோமீட்டர் கணக்கில் ஓரமாக வரிசை கட்டி நின்றன. மகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி எண்ணத் தொடங்கினாள். நூற்று இருபதைத் தாண்டியதும் திரும்பி, "அப்பா, இத்தனை லாரி இருந்தால் எத்தனை ஐஸ்கிரீம்!" என்றாள். ஓட்டுநருக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு நான் அப்படிச் சிரித்தேன் என்று மனைவி பிறகு எண்ணிச் சொன்னாள். அதை இங்கே எழுத வேண்டாம்.

2,170 மீட்டரில் நிற்கும் கெர்கெதி தேவாலயத்தை அடைந்தபோது எங்கும் மூடுபனி. பின்னால் ஐயாயிரம் மீட்டருக்கும் மேல் உயர்ந்த கஸ்பெக் சிகரம் இருப்பதாகச் சொன்னார்கள். நம்பிக்கொண்டோம். அங்கேதான் ஆலையிலிருந்து போன் வந்தது. என் இடத்தில் இருந்த தம்பி, ஒரு கேஸ்கட்டின் எண்ணைக் கேட்டான். புறப்படும் முன் நான் மூன்று பக்கத்துக்கு ஒப்படைப்புக் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். எது எங்கே இருக்கிறது, யாரை எதற்குக் கேட்பது, எதற்கு மட்டும் என்னை அழைக்கலாம் என்று. "இரண்டாம் பக்கம், கீழே" என்றேன். "பார்த்துவிட்டேன் அண்ணே, மன்னியுங்கள்" என்று வைத்துவிட்டான். ஒன்பது நாளில் வந்த ஒரே அழைப்பு அது. நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது. நான் இல்லாவிட்டால் ஓடாது என்று நான் நம்பியிருந்த ஆலை, மூன்று தாளில் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றிரவு விடுதியில் மின்சாரம் போய்விட்டது. மகள் தூங்கியபின் மெழுகுவத்தி வெளிச்சத்தில் நானும் மனைவியும் கணக்குப் போட்டோம். குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள ஒருவருக்கு மாதம் 400 ரியால் கட்டணம், வாடகை, பள்ளி, ஊருக்கு அனுப்புவது, மிச்சம். வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று சொல்லத்தான் நான் அந்தப் பேச்சை எடுத்தேன். கணக்கு வேறு மாதிரி வந்தது: இன்னும் மூன்று ஆண்டு இருக்க வேண்டும், ஆனால் இப்படி இருக்க வேண்டியதில்லை. இரவு அழைப்புகளை மூவர் முறை வைத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்பது, கிடைக்காவிட்டால் வேறிடம் தேடுவது. இதை ஜுபைல் சமையலறையில் பேசியிருந்தால் இருவரும் சண்டை போட்டிருப்போம். அங்கே குளிருக்கு ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் குரலை உயர்த்த வசதிப்படவில்லை.

திரும்பி வந்ததில்தான் கடைசித் தவறு. விடியற்காலை நாலு மணிக்குத் தம்மாமில் இறங்கி, வீட்டில் பெட்டியைப் போட்டுவிட்டு நேராக ஆலை பஸ். ஒரு நாள் விடுப்பை மிச்சம் பிடிக்கிறேன் என்று கணக்கு. அன்று மதியம் கூட்டத்தில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். இரண்டு முனையிலும் ஒரு வெற்று நாளை விட்டுவிடுங்கள். முன்னால் பெட்டி கட்டவும், பின்னால் துணி துவைக்கவும்.

இரவு அழைப்பு முறைக்கு மேலாளர் உடனே சரி என்று சொல்லவில்லை. மின்னஞ்சலாக எழுதிக் கொடுத்தேன், பெயர்களோடும் தேதிகளோடும். டிசம்பரில் ஒப்புதல் வந்தது, நான் மூவர் முறை கேட்டதற்கு இருவர் முறையாக.

ஜனவரியில் சொன்ன தேதியில் ஊருக்குப் போனோம். அம்மா படங்களைக் கேட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் போனை இரண்டு கையாலும் பிடித்து, மூடுபனிக்குள் மகள் நிற்கும் அந்தப் படத்திலேயே வெகுநேரம் நின்றார். "பின்னால் ஒன்றும் தெரியவில்லையே" என்றார். மலை இருக்கிறது என்றேன். இன்னும் உற்றுப் பார்த்தார். பிறகு மகளைப் பக்கத்தில் இழுத்து, "இந்தக் குளிரில் பிள்ளைக்கு ஒரு குல்லா போடத் தெரியவில்லை உன் அப்பனுக்கு" என்று அவள் காதுகளைத் தேய்த்துவிட்டார்.